பிளஸ் டூ வீட்டில் பதற்றம் குறையாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

மார்ச்சில் பொதுத்தேர்வு என்றால் முந்தைய ஜூனிலேயே வேலையைத் தொடங்கிவிட வேண்டும். முதலில் டிவி. கேபிள் இணைப்பைத் துண்டியுங்கள். துண்டித்ததை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பிள்ளையின் காதுபடச் சொல்லுங்கள்: "இவனுக்காக ஒரு வருஷமா நாங்க சீரியல்கூடப் பாக்கறதில்ல." ராத்திரி போர்வைக்குள் செல்போனில் அதே சீரியலைப் பார்ப்பது கணக்கில் சேராது.

பதினொன்றுக்கு முன் படுக்க விடாதீர்கள். நாலு மணிக்கு எழுப்பிவிடுங்கள். படித்தது மூளையில் பதிவதே தூக்கத்தில்தான் என்பார்கள் டாக்டர்கள். அவர்களுக்கென்ன, படித்து முடித்துவிட்டார்கள். புத்தகத்தின் மேல் தூங்கி விழும் பிள்ளைக்கு வல்லாரைத் துவையல் அரைத்துக் கொடுங்கள். இத்தனை பொறுப்பையும் ஒரு கீரையின் தலையில் கட்டுவது கொஞ்சம் அநியாயம்தான். ஆனால் கீரை எதிர்த்துப் பேசாது.

மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கிற வழக்கத்தை 2017-இல் அரசு கைவிட்டது. நம் தரப்புக்குப் பெரிய அடிதான். அதனாலென்ன, தெருவாரியாக நாமே ரேங்க் போட்டுக்கொள்ளலாம். எதிர்வீட்டுப் பெண் அரையாண்டில் என்ன எடுத்தாள் என்பதைச் சாப்பாட்டு வேளையில், முதல் கவளம் வாய்க்குப் போனதும் சொல்ல வேண்டும். அப்போதுதான் பதில் வராது.

இனிப் பள்ளிக்கூடம். உங்கள் உழைப்பையெல்லாம் வீணடிக்கக்கூடிய இடம் இதுதான். கூடுதல் எச்சரிக்கை தேவை. நல்லவேளையாக, பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கிக்கொள்வது எத்தனையோ காலமாக நடந்துவருகிறது. ஆண்டு விழா நடனத்தில் பிளஸ் டூ பிள்ளைகளைச் சேர்க்காமல், நாற்காலி எடுத்துப் போட மட்டும் கூப்பிடுகிற பள்ளிகளும் உண்டு. அதுவும் உதவிதான். ஆனால் அரசுப் பள்ளிகளில் 2022-23 முதல் கலைத்திருவிழா என்று ஒன்று நடக்கிறது. பாட்டு, ஆட்டம், நாடகம் என்று போட்டி வைத்து, ஸ்லிப் டெஸ்ட்டில் தலைகுனிந்து நின்ற பையனை மேடையில் நிமிர்ந்து நிற்க வைத்துவிடுகிறார்கள். மறுநாள் அவன் வகுப்பில் சந்தேகம் கேட்கத் தொடங்கிவிடுவான். கவனமாக இருங்கள்.

அதைவிட ஆபத்து மதிய இடைவேளை. ஒருத்தியின் புளிசாதம் இன்னொருத்தியின் டப்பாவுக்குப் போகும். அங்கிருந்த உருளைக்கிழங்கு மூன்றாவது டப்பாவுக்குப் போகும். "நான் ஒண்ணுமே படிக்கலடி" என்று ஒருத்தி சொல்ல, "நான் மட்டும் என்ன கிழிச்சேன்?" என்று நாலு பேர் சொல்வார்கள். அத்தோடு பயத்தில் பாதி போய்விடும். வீட்டில் நீங்கள் மாதக்கணக்கில் ஏற்றியது!

சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வேப்பமரத்தடியில் உட்காருவார்கள். பென்சீனிலிருந்து நைட்ரோபென்சீன், அதிலிருந்து அனிலின் என்று டீச்சர் மூன்று நாள் போராடியதை, ஒரு பெண் குத்துப்பாட்டு மெட்டில் போட்டுப் பாடுவாள். அனிலின் வருகிற இடத்தில் எல்லோரும் சேர்ந்து கை தட்ட வேண்டும். தட்டியவர்களுக்கு அது தேர்வறையிலும் மறக்காது. சொல்லிக் கொடுத்தவளுக்கோ எப்போதைக்குமே மறக்காது. இந்த மரத்தடியை ஒழிக்க ஒரே வழி, "சேர்ந்து படிக்கிறேன்னு அரட்டை அடிக்கிறீங்க" என்று சொல்லி, டியூஷனை அந்த நேரத்துக்கே மாற்றிவிடுவது. மதியத்தில் டியூஷன் கிடைக்காது என்பதுதான் இதிலுள்ள ஒரே சிக்கல்.

சில தகவல்கள் பிள்ளைக்குப் போகவே கூடாது. இயற்பியல் எழுத்துத்தேர்வில் 70-க்கு 15, செய்முறையும் அகமதிப்பீடும் சேர்த்து 100-க்கு 35 எடுத்தால் தேர்ச்சி என்பது. ஒரு பாடம் போனாலும் ஜூன், ஜூலையிலேயே துணைத்தேர்வு எழுதி அந்த ஆண்டே கல்லூரியில் சேரலாம் என்பது. மனசு சரியில்லை என்றால் 14416-க்கு எந்த நேரமும் போன் செய்து, தமிழிலேயே, காசில்லாமல் பேசலாம் என்பது. இந்த எண்ணைக் காலண்டருக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டிவைத்த வீடுகளில் பதற்றம் தங்குவதில்லை. ஒட்டாதீர்கள்.

தேர்வுக்கு முன் கோயில் அவசியம். கடலூர்ப் பக்கம் திருவந்திபுரத்தில் ஹயக்ரீவர், திருவாரூர் மாவட்டத்துக் கூத்தனூரில் சரஸ்வதி. ஒன்றுக்குப் போனால் பக்தி. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டுக்கும் இழுத்துக்கொண்டு போனால்தான் நமக்குப் பயன். சந்நிதியில் பேனாவையும் ஹால் டிக்கெட்டையும் வைத்து எடுக்கும்போது பிள்ளையின் முகம் கொஞ்சம் தெளியும். தாமதிக்காமல் கேளுங்கள்: "சாமிகிட்ட 580 கேட்டியா, சும்மா நல்லா எழுதணும்னு கேட்டியா?"

தேர்வன்று பத்து மணிக்கு மணி அடித்ததும் வினாத்தாளைப் படிக்கப் பத்து நிமிடம், விவரங்களைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் கொடுக்கிறார்கள். எழுதும் மூன்று மணி நேரம் 10.15-க்குத்தான் தொடங்குகிறது. அந்தக் கால் மணி நேரத்தில் பிள்ளை மூச்சை இழுத்து விட்டு நிதானத்துக்கு வந்துவிடும் அபாயம் இருக்கிறது. அதற்குத்தான் கேட் வாசல். "சாமி, சில்லி மிஸ்டேக் மட்டும் பண்ணிடாத" என்று கடைசி நொடியில் சொல்லி அனுப்புங்கள். பிறகு பிரசவ வார்டுக்கு வெளியே நிற்கிற மாதிரி வாசலிலேயே நில்லுங்கள். வெளியே வந்ததும் வினாத்தாளைப் பிடுங்கி ஒன்மார்க் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அடுத்த பரீட்சை இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது.

கடைசித் தேர்வன்று சட்டையில் இங்க் அடித்துக்கொள்வார்கள். அதைத் தடுக்க வாசலில் ஆசிரியர்கள் நிற்பார்கள். நீங்களும் நின்று பாருங்கள். முடியாது.

ரிசல்ட் நாளைக்குப் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முதல் நாளே போட்டுவிட்டால், பிள்ளை பார்ப்பதற்குள் கோயம்புத்தூர் சித்தி பார்த்துவிடுவார். அதன் பின் மாமா அழைப்பார். "நான் அந்தக் காலத்துலயே 820, நீ என்னடா 465-ங்கற?" என்பார். 2018 வரை பிளஸ் டூவுக்கு மொத்தம் 1,200, இப்போது 600. ஸ்பீக்கரில் போட்டு எல்லோரும் கேட்கும்படி வைத்து, "மாமா சொல்றதக் கேட்டுக்கோ" என்று தலையாட்டுங்கள். மாமாவின் மதிப்பெண்ணை இரண்டால் வகுக்கும் வேலையை மட்டும் பிள்ளையிடம் கொடுத்துவிடாதீர்கள்.