கிழிந்தால் கிழியட்டும்

கொல்லிமலையின் குண்டூர் நாட்டில் நான் பிள்ளையாக இருந்த காலத்தில் எங்கள் வீட்டில் புத்தகம் என்று ஒன்று கிடையாது. எழுத்து எங்கள் வீட்டுக்குச் சோளக்காட்டுச் சந்தையிலிருந்து வந்தது, வெல்லமும் புளியும் கட்டிய செய்தித்தாளில். பொட்டலத்தைப் பிரித்ததும் அம்மா அந்தத் தாளை உதறி நீவி, கூரைச் சந்தில் செருகி வைப்பார். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த அண்ணன் அதை உருவி எழுத்துக் கூட்டுவான். வெல்லப் பிசுக்கில் எறும்பு மொய்த்திருக்கும். தட்டிவிட்டுத் தலைப்பை உரக்கப் படிப்பான். பக்கத்தில் குந்தி அவன் விரல் போகும் வழியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கதைக்குக் குறைவில்லை. சாமை குத்தி முடித்த கையோடு அம்மாயி திண்ணையில் உட்காருவாள். எங்கள் மலையை ஆண்ட வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், காட்டுப்பன்றி, கடைசியாகப் புற்றில் கிடந்த உடும்பு என்று ஐந்தையும் வீழ்த்திய கதையை எத்தனை முறை கேட்டாலும் சொல்வாள். ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு நிறுத்தம். "அப்புறம் அம்மாயி?" என்போம். "அப்புறம் எது மேல பட்டுச்சு, நீயே சொல்லு சாமி" என்பாள். வரிசை தப்பினால் மறுபடியும் யானையிலிருந்து தொடங்க வேண்டும். கையெழுத்துக்குப் பதில் ரேகை வைத்தவள் அவள். அவள் சொன்ன அதே வரிசை புறநானூற்று 152ஆம் பாட்டில், வன்பரணர் வாக்கில் இருப்பதைக் கல்லூரியில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அடுத்து என்ன வரும் என்று யோசிப்பது, முன்னால் வந்ததை நினைவில் வைப்பது, விட்ட இடத்தில் சொல்லை நிரப்புவது: அ, ஆவுக்கு முன்னால் ஒரு பிள்ளைக்கு வர வேண்டியவை இவைதான். எங்களுக்கு அவை மடியிலேயே கிடைத்தன. கிடைக்காதது புத்தகம்.

முதலில் மலைக்கு வந்தது சோறு. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975இல் நாட்டில் தொடங்கியது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு, பள்ளிக்கூடத்தோடு நிற்காமல் இரண்டு வயதுப் பிள்ளையின் தட்டு வரை வந்தது. பசித்த வயிற்றுக்குக் கதை ஏறாது என்பதால் அந்த வரிசை சரியே. புத்தகம் வரத்தான் வெகுகாலம் ஆயிற்று.

இப்போது வந்துவிட்டது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். சென்னை தூலிகா பதிப்பகம் பச்சைப்பிள்ளைகளுக்கென்றே அழகழகாகப் போடுகிறது. பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகச் சிறு புத்தகங்களை அரசுப் பள்ளிகளுக்குத் தந்திருக்கிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வருவதில் இன்று ஒரு சிரமமும் இல்லை.

மலையில் ஒரு பால்வாடிக்குப் போயிருந்தேன். சுவரில் பழங்களின் படம், மூலையில் எடை பார்க்கும் தராசு. புத்தகங்கள் எங்கே என்று கேட்டேன். டீச்சர் பீரோவைத் திறந்து காட்டினார். மடிப்புக் கலையாமல் அடுக்கியிருந்தன. "வெளிய வச்சா கிழிச்சுப் போட்டுருவாங்கண்ணா. கணக்கு கேட்டா நான் எங்க போறது?" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. சமையலைப் பார்க்க வேண்டும், எடை எடுக்க வேண்டும், எல்லாவற்றையும் செல்போனில் பதிய வேண்டும். இதற்கு நடுவில் கிழிந்த புத்தகத்துக்கும் அவரே பொறுப்பு என்றால் பூட்டத்தான் செய்வார்.

நூலகத் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. அதே ஆண்டில் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார் கனகசபைப் பிள்ளை. வண்டியில் போன புத்தகம் அழுக்காகும் என்று அவருக்குத் தெரியாதா?

வீட்டிலும் ஒன்று குறைந்திருக்கிறது. தாய் தகப்பன் வேலைக்குக் கீழே இறங்கிவிடுகிறார்கள். மிளகு பறிக்கப் போகும் பாட்டி, பிள்ளை அழாமல் இருக்கச் செல்போனைக் கொடுக்கிறாள். அதிலும் கதை ஓடுகிறது. ஆனால் பிள்ளை "அப்புறம்?" என்று கேட்பதற்காக அது நிற்பதில்லை.

அண்ணனின் பேத்திக்கு மூன்று வயது. அவளுக்கு ஒரு படக்கதை வாங்கிக் கொடுத்தேன். முதலில் தலைகீழாகப் பிடித்தாள், முனையைக் கடித்தாள். மடியில் வைத்து இரண்டு மூன்று தரம் படித்துக் காட்டிய பிறகு, கரடி வரும் பக்கத்தை அவளே தேடிப் பிடித்தாள். நான் வேண்டுமென்றே ஒரு வரியைத் தாண்டினேன். "சின்னத் தாத்தா, அதப் படிக்கல" என்று என் விரலை இழுத்து அந்த வரியின்மேல் வைத்தாள். எழுத்து ஒன்றுகூட அவளுக்குத் தெரியாது. பேச்சு அந்தக் கருப்புக் கோடுகளிலிருந்துதான் வருகிறது என்பது தெரிந்துவிட்டது. அந்தப் புத்தகத்தின் அட்டை இப்போது இல்லை, இரண்டு தாளும் போய்விட்டன. வாங்கிய காசு அங்கேயே வசூலாகிவிட்டது.

அதிகாரிகளிடம் கேட்பது ஒன்றுதான்: பால்வாடியில் கிழிந்த புத்தகத்தை இழப்புக் கணக்கில் எழுதாதீர்கள், படித்த கணக்கில் எழுதுங்கள். படக்கதை எழுதுகிறவர்களே, ஓரியின் அம்பையும் அந்த ஐந்து விலங்குகளையும் எங்கள் பலாவும் மிளகுக்கொடியும் தெரிய வரைந்து கொடுங்கள். எழுத்துத் தெரியாத பாட்டிமாரும் படத்தைப் பார்த்துக் கதை சொல்லலாம், அதுவும் வாசிப்புதான். டீச்சர், அந்தப் பீரோவைத் திறந்துவிடுங்கள்.