நார்மலான அம்மாவாக நடிப்பது எப்படி?

ஆட்டிசமோ ஏ.டி.எச்.டி.யோ உள்ள அம்மாவா நீங்கள்? அது வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் முதல் கடமை. பயப்படாதீர்கள், பாதி வேலையை மற்றவர்களே முடித்து வைத்திருக்கிறார்கள். 1943-ல் லியோ கானர் ஆட்டிசம் பற்றி எழுதியபோது விவரித்த 11 குழந்தைகளில் 8 பேர் பையன்கள். இன்றைக்கும் ஆட்டிசம் என்றதும் பொம்மை ரயிலை வரிசையாக அடுக்கும் ஒரு பையன்தான் எல்லார் நினைவுக்கும் வருகிறான். பட்டுப்புடவை கட்டி, பந்தியில் பாயசம் பரிமாறும் உங்களை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

பயிற்சிக்குக் கல்யாண மண்டபம் உகந்த இடம். மைக் செட், கெட்டிமேளம், இடுப்பில் உரசும் சரிகை, நாலு விதமான சென்ட் வாசனை எல்லாம் ஒரே நேரத்தில் மண்டைக்குள் இறங்கும். காதைப் பொத்தாதீர்கள், திமிர் என்பார்கள். பெரியம்மாவின் கண்ணைப் பார்க்க முடியவில்லையா? மூக்குத்தியைப் பாருங்கள், அவருக்கு வித்தியாசம் தெரியாது. “என்னைத் தெரியுதா?” என்று கேட்பார். தெரியாது. “தெரியாம என்ன பெரியம்மா, மூட்டுவலி தேவலையா?” என்று கேளுங்கள். எந்தப் பெரியம்மாவுக்கும் பொருந்தும். தாங்கவே முடியாதபோது குழந்தைக்கு டயபர் மாற்றும் சாக்கில் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். பிள்ளை மூன்றாம் வகுப்புக்கு வந்தபின் வேறு சாக்கு தேடுங்கள்.

அடுத்தது பள்ளி வாட்ஸ்அப் குழு. ‘நாளை மஞ்சள் டிரஸ்’ என்ற செய்தி ராத்திரி பத்து மணிக்கு, ‘ஓகே மேம்’களின் நடுவில் எங்கோ வரும். ஏ.டி.எச்.டி. அம்மா அதைப் படிப்பார், பால் பொங்கும் சத்தம் கேட்டு ஓடுவார், அதோடு மஞ்சள் போய்விடும். எனவே தூங்காதீர்கள். ஐந்து அலாரம் வையுங்கள், பிள்ளையின் பையை மூன்று தடவை திறந்து பாருங்கள். “எப்படித்தான் எல்லாத்தையும் சமாளிக்கிறியோ!” என்று பக்கத்து வீட்டு அக்கா மெச்சுவார். சிரித்துவையுங்கள். ஆட்டிசத்தை இப்படி மறைப்பதை அளக்கவே 2019-ல் லாரா ஹல்லும் சக ஆய்வாளர்களும் 25 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் தயாரித்தார்கள். நம் ஊர் மருமகள்கள் எழுதினால் நிறைய பேர் சென்டம் வாங்குவார்கள் என்பது என் கணிப்பு.

பிள்ளைக்கும் ஆட்டிசம் இருக்கலாம், குடும்பத்தில் தொடர்ந்து வருவதுதானே. தெரபிஸ்ட் சொல்லும் அறிகுறிகளை நோட்டில் எழுதிக்கொண்டே வருவீர்கள். ஓர் இடத்தில் ‘இது நான்தானே’ என்று பேனா நிற்கும். உடனே நோட்டை மூடிவிடுங்கள். தப்பித் தவறி டாக்டரிடம் கேட்டால், “கல்யாணம் ஆகிக் குழந்தை இருக்கு, நல்லாப் பேசுறீங்க, உங்களுக்கு எப்படிம்மா?” என்பார்.

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்தால் ஒருநாள் பலன் கிடைக்கும். கண்ணை மூடிக்கொண்டு வைத்த ரசத்துக்கு முதலில் எதைப் போடுவது என்று தெரியாமல் அடுப்படியில் நிற்பீர்கள். மிக்ஸி சத்தத்துக்கு அழுகை வரும். பேச வாய் வராது. டோரா ரேமேக்கரும் குழுவினரும் 2020-ல் ‘ஆட்டிஸ்டிக் பர்ன்அவுட்’ என்று விவரித்தது இதைத்தான்: தீராத களைப்பு, கைவந்த வேலைகள் கைவிட்டுப் போவது, ஒலியும் ஒளியும் தாங்காமல் போவது. பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு மேலும் நீடிக்கும். வீட்டில் “ஒரு வாரம் அம்மா வீட்டுக்குப் போயிட்டு வா” என்பார்கள். அங்கே போய் மகளாக நடிக்கலாம். “நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தா” என்று நாத்தனார் சொன்னால், உங்கள் நடிப்புக்கு அதைவிடப் பெரிய விருது கிடையாது.

நடிக்க விருப்பமில்லாதவர்களுக்கு: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் 21 வகைகளில் ஆட்டிசம் உண்டு, அது குழந்தைகளுக்கு மட்டும் என்று அதில் எழுதவில்லை. ஏ.டி.எச்.டி. அந்தப் பட்டியலிலேயே இல்லை. பெரியவர்களுக்கும் ஆட்டிசம் பார்க்கும் மனநல மருத்துவரை விசாரித்துப் போங்கள்.

வீட்டுக்காரர்களே, உங்களுக்கு ஒரே ஒரு வேலைதான். பள்ளிக் குழுவிலிருந்து மனைவியின் நம்பரை எடுக்கச் சொல்லி, உங்கள் நம்பரைக் கொடுங்கள். இன்றைக்கே.