மனசுக்குள் ஒரு கும்பாபிஷேகம்

கேள்வி: பக்கத்தில்தான் தேஹு. அங்கிருந்து புறப்படும் சந்த் துக்காராம் பல்லக்கோடு பண்டரிபுரம் வரை நடக்க ஆண்டுதோறும் திட்டம் போடுகிறேன், லீவு கிடைப்பதில்லை. நினைத்தது மட்டும் கடவுள் கணக்கில் ஏறுமா?
– வாசகர், தளேகாவ் (புனே)

பதில்: ஏறும். திருநின்றவூர் பூசலாருக்குச் சிவன் கோயில் கட்ட ஆசை, கையில் காசில்லை. மனசுக்குள்ளேயே கட்டி, கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறித்தார். காஞ்சியில் கல்லால் கோயில் எழுப்பி, அதே நாளைக் குறித்திருந்த பல்லவ மன்னன் கனவில் சிவன் வந்து, ‘அன்று பூசலார் கோயிலுக்குப் போகிறேன், நீ தேதியை மாற்று’ என்றாராம். பெரியபுராணம் சொல்கிறது. காசு செலவழித்தவனுக்குத்தான் தேதி கிடைக்கவில்லை!

ஆனால் பூசலார் ஆசைப்பட்டதோடு படுத்துவிடவில்லை. மனசிலேயே தச்சர்களைத் தேடி, நாள் பார்த்து அடித்தளம் போட்டு, இரவிலும் கண் மூடாமல் வேலை பார்த்தார். சிகரம் வைத்து, சுதை பூசி, கிணறு, குளம், மதில் வரை ஒன்றையும் விடவில்லை. இத்தனைக்கும் மேஸ்திரி கூலி மிச்சம்.

நீங்களும் மனசுக்குள் கிளம்புங்கள். தேஹுவை விட்டதும் முதல் தங்கல் அகுர்டி, மறுநாள் புனே, பிறகு லோணி காள்போர். அகுர்டி வடாபாவ் கடையிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். அதற்கு மட்டும் லீவு தராத மேனேஜரைக் குறை சொல்ல முடியாது.