மணிக்கொரு பேக்கப் எடுக்கும் மாப்பிள்ளைக்கு

வாங்க மாப்ளே, உட்காருங்க. மணிக்கு ஒருதரம் டேட்டாபேஸை பேக்கப் எடுக்கிறீங்களாமே, மக சொன்னா. கெட்டிக்காரத்தனந்தான். ஆனா அது ஓடி முடியுற வரைக்கும் ஆர்டர் போட வந்தவன் திரையில வட்டம் சுத்துறதையே பார்த்துக்கிட்டு இருக்கானாமே? கணக்குப் பார்க்கணும்னு யாவார நேரத்துல கடையைச் சாத்துற முதலாளியை நான் இப்பத்தான் பார்க்குறேன்.

கிழவனுக்கு என்ன தெரியும்னு சிரிக்காதீங்க. மைஎஸ்கியூஎல்தானே? மைஎஸ்கியூஎல்டம்ப்பைச் சும்மா ஓடவிட்டா டேபிளையெல்லாம் பூட்டிப்புட்டுத்தான் படிக்கும். எழுத வந்தவன் வாசல்ல நிக்க வேண்டியதுதான். 'சிங்கிள் டிரான்சாக்‌ஷன்'ங்கிற ஆப்ஷனைச் சேர்த்துப் பாருங்க. இன்னோடிபி டேபிளா இருந்தா, தொடங்கின நொடியில இருந்த நிலையை அப்படியே படிச்சுக்கும். எழுதுறவன் பாட்டுக்கு எழுதிக்கிட்டிருப்பான். பழைய மைஐசாம் டேபிள்கிட்ட இந்தப் பாச்சா பலிக்காது. அதை இன்னமும் வச்சிருந்தீங்கன்னா உங்க தைரியத்துக்கு ஒரு கும்பிடு.

அதென்ன மணிக்கு மணி முழுசையும் அள்ளுறது? ராத்திரி ஆளரவம் அடங்கினப்புறம் ஒருதரம் முழுசா எடுங்க. பகல்ல நடந்த மாத்தமெல்லாம் பின்லாக்ல இருக்கு. அதை மட்டும் அப்பப்ப வேற மெஷினுக்கு அனுப்புங்க. முழுசைப் போட்டு, மேல பின்லாக்கை ஓட்டினா, தப்பு நடந்ததுக்கு முந்தின நிமிஷம் வரைக்கும் மீட்கலாம்.

கையில காசு இருந்தா ரெப்ளிகா ஒண்ணு வச்சு, பேக்கப் பாரத்தை அது தலையில கட்டுங்க. ஆனா ரெப்ளிகா இருக்கே, பேக்கப் எதுக்குன்னு கேட்டுடாதீங்க. இங்க நீங்க தப்பா டிலீட் அடிச்சா, அங்க அதுவும் விசுவாசமா அடிச்சுவைக்கும்.

கிட்லாப் கம்பெனி கதை தெரியும்ல? 2017 ஜனவரி 31 ராத்திரி ஒருத்தர் தவறுதலா உண்மையான டேட்டாபேஸையே அழிச்சுட்டார். பேக்கப்பைத் தேடினா காணோம். போஸ்ட்கிரெஸ் 9.6-க்கு 9.2 டம்ப் ஓடி, ஒவ்வொரு தடவையும் தோத்துக்கிட்டே இருந்திருக்கு. எச்சரிக்கை மெயிலும் வந்து சேரலை. வேற வேலைக்காக ஆறு மணி நேரம் முன்னாடி எடுத்து வச்சிருந்த ஸ்னாப்ஷாட்தான் மானத்தைக் காப்பாத்துச்சு.

அது சரி, நீங்க எடுத்ததுல ஒண்ணையாவது திருப்பிப் போட்டுப் பார்த்தீங்களா மாப்ளே? ஏன் காப்பியையே பார்க்குறீங்க? இந்த வாரமே தனி மெஷின்ல ஒண்ணை ரீஸ்டோர் பண்ணிப் பாருங்க. எழுந்து வந்தாத்தான் அது பேக்கப்; வரலைன்னா வட்டுல இடத்தை அடைச்சுக்கிட்டிருக்கிற வெறும் ஃபைல்.