ஐ386 யார் வீட்டுப் பிள்ளை?

கேள்வி: என்னுடையது 64 பிட் கம்ப்யூட்டர். உபுண்டுவில் அப்டேட் கொடுத்தால், 'இந்த ரெப்போவில் ஐ386 கிடையாது, விட்டுவிட்டேன்' என்கிறதே, வைரஸா?

பதில்: வைரஸ் இல்லை, விசுவாசம்! எப்போதோ விண்டோஸ் புரோகிராம்களுக்காக வைன் போடும்போது, '32 பிட்டும் (அதுதான் ஐ386) வேண்டும்' என்று பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜியிடம் சொல்லியிருப்பீர்கள். அன்றுமுதல் அப்டேட் பார்க்கும் ஆப்ட் எல்லா ரெப்போவிலும் அதையும் கேட்கிறது, சைவ ஓட்டலில் ஆம்லெட் கேட்பதுபோல. 64 பிட் மட்டுமே தரும் பிரவுசர் ரெப்போ கையை விரிக்கிறது. அந்தச் செய்தி வரியின் முதலெழுத்தைப் பாருங்கள்: 'என்' என்றால் வெறும் தகவல், 'ஈ' வந்தால்தான் வியர்க்க வேண்டும். சோர்ஸ் பட்டியலில் அந்த ரெப்போவுக்கு மட்டும் 'ஆர்ச்=ஏஎம்டி64' என்று சேர்த்தால் வாயை மூடிக்கொள்ளும். ஐ386-ஐயே நீக்கப் பார்க்காதீர்கள். கடைசி 32 பிட் பேக்கேஜ் கிளம்பும்வரை டிபிகேஜி மசியாது. அப்புறம், வைன் வேண்டாமா?