பின்னேகலியல்: பழைய ஓஎஸ் போடுதல் குறித்த ஓர் ஆய்வு

வீட்டுக் கணினியிலுள்ள புதிய இயங்குதளத்தை நீக்கிவிட்டு அதற்கு முந்தையதை நிறுவும் செயல், பேச்சுவழக்கில் ‘பழைய ஓஎஸ் போடுதல்’ எனப்படுவது, இதுகாறும் பழுதுபார்க்கும் தொழிலின் சிறு கிளையாகவே கருதப்பட்டு வந்துள்ளது. அது வரலாற்றியலின் பாற்பட்டது என்று காட்டுவதும், அதற்குரிய பொதுவிதியை வகுப்பதும் இக்கட்டுரை நுதலிய பொருளாகும். சான்றாகக் கொள்ளப்படுவது, 2007 ஜனவரி 30 அன்று பொதுவிற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவைக் கைவிட்டு, 2001 அக்டோபர் 25 அன்று வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பிக்குப் பலரும் திரும்பிய நிகழ்வாகும்.

முதற்கண் பரபக்கம், அதாவது எதிர்த்தரப்பினர் கூற்று, உரைக்கப்படும். விஸ்டாவின் ஹோம் பேசிக் பதிப்புக்கே 512 எம்பி நினைவகம் வேண்டும், எக்ஸ்பியோ 64 எம்பியிலும் இயங்க ஒப்புக்கொள்ளும். ஆகவே செலவுக்கு அஞ்சிய சோம்பேறிகளே பின்னேகினர் என்பது அவர்தம் துணிபு. அது பொருந்தாது. என்னை? நினைவகத்தைச் செருகச் சில நிமிடங்கள் போதும். பழைய ஓஎஸ் போட ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வேண்டும். சோம்பேறி எளியதை விட்டுக் கடியதைத் தேர்ந்தான் எனல் அளவைநூலுக்கு ஒவ்வாது.

நிறுவுதல் நீலத்திரையில் தொடங்கும். அதன் அடியில், எஃப்6 விசையை அழுத்தச் சொல்லும் ஒற்றை வரி சில நொடிகள் தோன்றி மறையும். சாட்டா வன்தட்டு ஏஎச்சிஐ என்னும் புதிய இணைப்பு முறையில் இயங்குமாயின், அதற்குரிய டிரைவர், அதாவது வன்பொருளுக்கும் இயங்குதளத்துக்கும் இடையே தூது செல்லும் நிரல், எக்ஸ்பியின் வட்டில் இல்லாமையால், அதை அக்கணமே ஃபிளாப்பியில் தரவேண்டும். விஸ்டாக் காலத்துக் கணினிகள் பலவற்றில் ஃபிளாப்பி செருகும் வாயே இல்லையாதலின், பயாஸில், அதாவது கணினியின் அடிப்படை அமைப்பு நிரலில், புகுந்து வன்தட்டை ஐடிஇ என்னும் பழைய முறைக்கு மாற்றுவதே உய்வழியாயிற்று. அவ்வாறு மாற்றாதார் 7பி என முடியும் பிழையெண்ணைக் கண்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்குவர்.

வன்தட்டைப் பகிருமிடத்தில் அறிஞர் இரு பிரிவினராவர். அனைத்தையும் ஃபார்மட் செய்வோர் துறவறத்தார்; இரண்டு இயங்குதளங்களையும் ஒரே கணினியில் குடிவைக்கும் ‘டூயல் பூட்’ முறையினர் இல்லறத்தார். இல்லறத்தார்க்கு மூத்தது முதலில், இளையது பின்னர் என்னும் முறை இன்றியமையாதது. அது பிறழ்ந்தால், தனக்குப் பின் ஒன்று பிறக்கும் என்றே அறியாத எக்ஸ்பி தொடக்க நிரலைத் தன் விருப்பப்படி மாற்றியெழுத, விஸ்டா வன்தட்டில் இருந்தும் எழுப்ப இயலாததாகிவிடும்.

அடுத்து, மீதமுள்ள நேரம் 39 நிமிடம் என்று திரை அறிவிக்கும். இந்நிமிடத்துக்கும் கடிகாரத்துக்கும் உள்ள உறவு தனி ஆய்வுக்குரியது. இடையே 25 குறிகள் கொண்ட உரிமக்குறியீடு கேட்கப்படும். கணினியின் மேல் ஒட்டப்பட்டிருப்பதோ விஸ்டாவுக்குரியது. யாவும் முடிந்தபின் நெட்வொர்க் டிரைவர் இல்லையென்பது தெரியவரும். அதை இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு அந்த டிரைவர் வேண்டும். ஒன்றையொன்று பற்றி நிற்கும் இக்குற்றத்தை அளவைநூலார் அன்னியோன்னியாச்சிரயம் என்பர். வீட்டார் பக்கத்து வீட்டுக் கணினியைக் கொண்டு தீர்ப்பர்.

இனிச் சுபக்கம், அதாவது இவ்வாய்வின் முடிபு. எக்ஸ்பி வெளிவந்த புதிதில் அதன் வண்ணங்கள் பொம்மைக்குரியவை என்று எள்ளப்பட்டன. 30 நாளுக்குள் செயலாக்கப் பதிவு செய்யவேண்டுமென்ற நிபந்தனை வெறுக்கப்பட்டது. விஸ்டா வந்ததும் அதே எக்ஸ்பி எல்லா நற்குணமும் பெற்று, 2014 ஏப்ரல் 8 உடன் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்ற பின்னரும் பலரால் விடப்படாதிருந்தது. 2012இல் விண்டோஸ் 8 ஸ்டார்ட் பொத்தானை அகற்ற, அதற்கு முந்தைய விண்டோஸ் 7க்கும் அப்பேறு கிட்டியது. எனவே, ஓர் இயங்குதளம் தன் வழித்தோன்றல் பிறந்த பின்னரே நல்லதாகும் என்பது விதி. விஸ்டாவுக்கு இது செல்லவில்லையே எனின், புறனடையில்லா நூற்பா அரிது என்க. இதன் பயன் யாதெனின், இன்று வீட்டாரால் நாள்தோறும் வையப்படும் இயங்குதளம் எதுவோ அதன் நிறுவுவட்டையும் டிரைவர்களையும் இப்போதே பத்திரப்படுத்துதல் வேண்டும் என்பதாம்.