டிரம்மரின் அப்பா வாழ்க!

கேள்வி: மாற்று ராக் குழுவின் முதல் ஆல்பம் ஜெயிக்க என்ன வேண்டும்?

பதில்: டிரம்மருக்கு நல்ல அப்பா வேண்டும்! 1981இல் அமெரிக்காவின் மில்வாக்கியில், தியேட்டர் வாசலில் வாசித்துக்கொண்டிருந்த வயலன்ட் ஃபெம்ஸ் குழுவை, அங்கே கச்சேரிக்கு வந்த பிரிடெண்டர்ஸ் குழுவினர் அன்றிரவே மேடையேற்றினார்கள். மறு ஆண்டு டிரம்மர் விக்டர் டிலொரென்சோவின் தந்தை 10,000 டாலர் கடன் கொடுக்க, முதல் ஆல்பத்தின் ஒலிப்பதிவு நடந்தது. பல பாடல்கள் குழுவின் பாடகர் கார்டன் கேனோ பள்ளி மாணவராக இருந்தபோதே எழுதியவை. பதின்வயதின் தவிப்பு அவற்றில் கலப்படமில்லாமல் இருக்கிறது. அக்கூஸ்டிக் பேஸ் கிதாரின் துள்ளலோ அபாரம்! 1983இல் வெளியான ஆல்பத்தை இளைஞர்கள் ஒருவர் சொல்லி ஒருவராக வாங்கினார்கள். 1991இல் பிளாட்டினம் சான்றிதழே வந்துவிட்டது. பில்போர்ட் 200 ஆல்பம் பட்டியல் அதற்குப் பிறகுதான் கண் விழித்து இடம் கொடுத்தது!